ஏடு முதல் கணினி வரை: மாத்தளையின் எழுத்தறிவு வரலாறு

கண்டியிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் மாத்தளை நகரைக் கடந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் வடக்கே சென்றால், பெரும் பாறைகள் பிளந்தும் சரிந்தும் கிடக்கும் ஓரிடத்தை அடையலாம். அலுவிகாரை என வழங்கும் அக்குகைப் பள்ளியே, புத்தரின் போதனைகள் அடங்கிய திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற தலம் எனப் போற்றப்படுவது. அந்நிகழ்ச்சி கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தைச் சேர்ந்தது.

பாடசாலை மாணவர்க்குக் கணினியையும் கைத்தொலைபேசியையும் கையாளும் திறனோடு, அவற்றின் வழியே வந்து சேரும் செய்தியை எடைபோடும் அறிவையும் எங்ஙனம் ஊட்டுவது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. வினா புதிது போலத் தோன்றினும் மாத்தளை மண்ணுக்கு அது மிகப் பழையது. வாய்மொழி ஏடாகியதையும், அச்சுத்தாள் மக்களைக் கிளர்ந்தெழச் செய்ததையும், ஒரு துண்டுக் காகிதம் தொழிலாளியின் காலுக்குத் தளையாகியதையும், ஈற்றில் திரை வந்து வீட்டுக்குள் புகுந்ததையும் இம்மாவட்டம் கண்டுள்ளது. பெரும்பாலும் கருவி முன்னே வந்தது. கருவி கூறுவதை வினவும் பயிற்சி நெடுங்காலம் பின்தங்கியே வந்தது. இதற்கு விலக்காக நிற்பது அலுவிகாரையில் நிகழ்ந்த அந்த முதல் மாற்றம் ஒன்றே. ஆதலின் அதனைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

மகாவம்சம் இச்செய்தியை மிகச் சுருக்கமாகவே கூறுகின்றது. முன்னைய பிக்குகள் பிடகங்களையும் அவற்றின் உரையையும் வாய்மொழியாகவே போற்றி வந்தனர் என்றும், மக்களுக்கு நேர்ந்த தாழ்வினைக் கண்ட பிக்குகள் அறம் நிலைத்தற்பொருட்டு ஒன்றுகூடி அவற்றை நூல்களில் எழுதுவித்தனர் என்றும் அந்நூல் கூறும். எழுதிய இடத்தின் பெயரை அது கூறவில்லை. மாத்தளைப் பகுதியை இந்நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்வன பிற்காலத்து நூல்களும் மரபுமேயாம். இவ்வேறுபாட்டைப் பெரும்பாலான வழிகாட்டிக் கையேடுகள் விட்டுவிடுகின்றன. ஒரு செய்தியின் மூலம் எது, பின்னர் வந்து சேர்ந்தது எது எனப் பிரித்தறிதலே ஊடக அறிவின் முதற்படி ஆதலால், இதனை இங்குச் சொல்லாது விடுதல் முறையாகாது. இதனால் தலத்தின் பெருமை குன்றுவதில்லை.

அக்காலத்து ஈழம் பெரும் இடுக்கணுக்கு ஆட்பட்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தலைவர் ஐவர் அநுராதபுரத்தில் அடுத்தடுத்து ஆட்சி செலுத்த, வலகம்பா ஏறத்தாழ 14 ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். கொடிய பஞ்சமொன்றும் நாட்டை வாட்டியது. பிடகத்தின் ஒவ்வொரு பகுதியையும் நெஞ்சிற் சுமந்த பாணகர் எனப்படும் ஓதுவோர் பலர் மாண்டனர். ஒரு பகுதியை அறிந்தவர் ஒருவரே எஞ்சி, அவரும் இறப்பாராயின் அப்பகுதி அவரோடு எரிந்துபோகும். எழுத்தை நோக்கி அவர்களைத் தள்ளியது இவ்வச்சமே.

வாய்மொழியைக் காக்கும் நெறியில் தமிழ் மக்களுக்கும் நெடிய பழக்கம் உண்டு. வேதத்தை எழுதாக்கிளவி என்றே பழந்தமிழர் வழங்கினர். பதம் பதமாகப் பிரித்தும், முன்பின்னாகக் கோத்தும் ஓதும் முறைகள் அதில் ஓர் எழுத்தும் பிறழாவண்ணம் அமைந்தன. பாணகர் மரபிலும் கூடியிருந்து ஓதுதலே காவலாயிற்று. ஒருவர் தவறின் மற்றவர் திருத்துவர். தனியொருவர் தாம் விரும்பியதைச் சேர்க்க இடமில்லை. எனவே ஓலையில் எழுத்தாணி பட்ட அன்று, எழுதப்பட்டது பலர் செவியில் பலகாலம் சோதிக்கப்பட்ட சொல்லாயிருந்தது. தாளிப்பனையின் இளங்குருத்தை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, கூரிய ஆணியாற் கீறி, கரியும் எண்ணெயும் தேய்த்து எழுத்தைத் துலங்கச் செய்யும் கைவினை இலங்கையில் இன்றும் அழியவில்லை. அலுவிகாரைக்குச் செல்வோர் அதனை நேரிற் காணலாம். அக்கைவினையினும் அரியது அதன் பின்னே நின்ற ஒழுங்கு. கருவி மாறிய அப்பொழுதில் சரிபார்க்கும் வழக்கம் மாறவில்லை. அது துறவியர் சிலர்க்கே உரிய கல்வியாக இருந்தது என்பதும் உண்மை. வயலில் உழுதவனுக்கு அதில் பங்கில்லை.

வயலில் உழுதவனிடம் எழுத்து வந்து சேர்ந்த கதை 1848-ஆம் ஆண்டுக்கு உரியது. அவ்வாண்டு தேசாதிபதியாயிருந்த டோறிங்டன் பிரபு துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும், ஓடத்துக்கும், வண்டிக்கும் புதிய வரிகளை விதித்தார். தெருக்கட்டளைச் சட்டத்தின்படி ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் தெரு வேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும். இதற்கு முன்னரே 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கோப்பித் தோட்டங்களுக்காகக் கிராமத்தவர் காடுகளையும் சேனைகளையும் விழுங்கியிருந்தது. குறை உண்மையானது, வெகுளியும் நியாயமானது. ஆயினும் உண்மையான குறையோடு வதந்தியும் கைகோத்து நடந்தது. அரசாங்கம் புள்ளிவிவரங்களைத் திரட்டப் புகுந்தமையே இன்னும் பல பொருள்களுக்கு வரி வரப்போகின்றது என்ற பேச்சுக்கு வித்தாயிற்று. கணக்கெடுப்பவன் எதற்காக எடுக்கின்றான் என்பதை மக்களுக்கு விளங்கும் மொழியிற் சொன்னவர் மிகச் சிலரே.

இந்நிலையில் 1848 யூலை 3-ஆம் நாள், டாக்டர் கிறிஸ்தோபர் எலியட் என்பவர் நடாத்திய ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையில், ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயருடன் கடிதமொன்று வெளியாயிற்று. அது புதிய வரிகளை வன்மையாகக் கண்டித்தது. அவ்வாண்டு பாரிஸ் நகரில் மன்னராட்சி கவிழ்ந்த செய்தியால் ஐரோப்பா முழுதும் கொந்தளித்துக்கொண்டிருந்த வேளை அது. கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவியது. கிளர்ச்சிக்குக் காரணம் அக்கடிதமே என ஆட்சியாளர் பின்னர்ச் சாட்டினர். பட்டினியும் காணியிழப்பும் செய்ததை ஒரு தாளின் தலையிற் சுமத்துதல் ஆட்சியாளருக்கு எளிது. ஆதலின் அக்கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது. எனினும் கண்டிச் சீமையில் அச்செழுத்தின் ஆற்றல் இன்னதென முதன்முறை உணரப்பட்டது அப்போதுதான் என்று கொள்ளலாம். எழுதியவன் யார், அவன் கூறுவது அவன் கருத்தா, பத்திரிகையின் கருத்தா, அரசின் கருத்தா என்று கேட்கும் பயிற்சி கேட்போருக்கு இல்லை. ஆங்கிலேயன் ஒருவனே வரி கூடாது என்று எழுதிவிட்டான் என்பது அவர்கள் காதில் எவ்வளவு பெரிய சொல்லாக ஒலித்திருக்கும்!

யூலை 26-ஆம் நாள் தம்புள்ளை விகாரையிற் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டான். 28-ஆம் நாள் புரான் அப்புவுடன் வந்த மக்கள் மாத்தளையைத் தாக்கினர். அரசாங்கக் கச்சேரி அவர்கள் வசமாயிற்று. கச்சேரியின் பத்திரங்கள் அழிக்கப்பட்டன. வரி என்பது அவர்களுக்குக் காகித வடிவிலேயே வந்தது. ஆதலால் காகிதத்தின்மீதே சினம் பாய்ந்தது போலும். அடுத்து வந்தது இராணுவச் சட்டம். புரான் அப்பு ஓகத்து 8-ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டா செப்டம்பரிற் பிடிபட்டுப் பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்ட அலுவிகாரையின் ஏட்டுச் சேமிப்பும் அவ்வாண்டுக் கலகத்திலேயே அழிந்தது என்பர். கச்சேரிப் பத்திரத்தை ஒரு சாராரும், விகாரை ஏட்டை மற்றொரு சாராரும் ஒரே ஆண்டில், ஒரே ஊரில் எரித்தனர்.

இக்கலகத்தின் பின்விளைவொன்று ஊடக அறிவை ஆராய்வோர்க்குத் தனிச் சுவை பயப்பது. இலங்கை நிலைமையை விசாரிக்க 1849-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற் குழுவொன்று அமைந்தது. மாத்தளையிற் படைக்குப் பொறுப்பாயிருந்த கப்டன் வாட்சன் என்பாரின் கையொப்பத்தோடு, மக்களை அச்சுறுத்தும் சிங்களப் பிரகடனங்கள் அக்காலத்தில் வெளியாயின என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவரோ அக்கையொப்பம் தம்முடையதன்று என மறுத்தார். ஒரு பிரகடனம் மெய்யா, போலியா என்பதை அறிய ஆணையாளர் இலங்கைக்கு அனுப்பப்படும் அளவுக்கு அவ்விவகாரம் முற்றியது. டோறிங்டன் 1850-இல் திருப்பியழைக்கப்பட்டார். பிரகடனத்தைக் கேட்டு அஞ்சிக் காட்டுக்குள் ஓடிய குடியானவனுக்குக் கையொப்பம் மெய்யோ பொய்யோ என ஆராயும் வாய்ப்பு இருந்ததில்லை. அவ்வாய்ப்பு இலண்டனிலிருந்தோர்க்கு ஈராண்டு கழித்துக் கிட்டியது.

கோப்பித் தோட்டங்களுக்கு வேலையாட்களாகத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வரலாறு இதனோடு ஒட்டி வருவது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, மாத்தளை வாயிலாக மலையகம் ஏறிய வழியை முதியோர் இன்றும் நினைவு கூர்வர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இம்மக்களின் வழிநடைத் துயரோடு இணைத்தே பேசப்படுவது. 1880-இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதற்குள் இலைநோய் கோப்பியை அழித்துவிட, கொக்கோவும் தேயிலையும் பின்னர் இறப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. பயிர் மாறினும் கங்காணி முறை மாறவில்லை.

அம்முறையின் நடுவே நின்றது ‘துண்டு’ எனப்படும் ஒரு காகிதம். தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு. அதனைச் செலுத்தினால் அவனை விடுவிக்கத் தடையில்லை என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டு அது. பார்வைக்கு அது விடுதலைச் சீட்டு. நடைமுறையில், புதிய தோட்டத்துத் துரை அக்கடனைக் கட்டித் தொழிலாளியைப் பெற்றுக்கொள்ள, கடன் தொழிலாளியின் பெயரிலேயே தொடர்ந்தது. தொகை கைமாறும்தோறும் வளர்வதும் உண்டு. பயணச் செலவு, அரிசி, கம்பளி, கங்காணியின் முற்பணம் என எவை எவை அத்தொகையில் அடங்கின என்பதைத் தொழிலாளி அறியான்; சீட்டோ அவனுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. தன் விலை எழுதிய தாளைத் தானே மடியிற் சுமந்து மலை மலையாக நடந்த மக்களைப் பற்றி எழுதுங்கால், எழுத்தறிவு என்னும் சொல்லுக்குப் பொருள் வேறாகிவிடுகின்றது. அச்சீட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்திருப்பினும் போதாது. அத்தொகை எவ்வாறு வந்தது, எழுதியவனுக்கு அதனால் என்ன ஊதியம், எழுதாது விட்டது யாது என்று கேட்கத் தெரிந்திருத்தல் வேண்டும். கேட்டபின் அடிபடாதிருக்கவும் வேண்டும். துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டப் பாடசாலைகளின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தன. லயன் அறையொன்றிலோ மரத்தடியிலோ ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் பாடஞ் சொன்னார். கையொப்பமிடவும் கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலே தம் பெயரைக் கண்டுகொள்ளவும் அக்கல்வி போதும் என நிருவாகத்தார் எண்ணினர். 1945-இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதன் பயன் எட்டவில்லை. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970-களிலேயே.

பாடசாலை செய்யாததைப் பத்திரிகையும் பாட்டும் ஒருவாறு செய்தன. கோ. நடேசையர் ‘தேசநேசன்’, ‘தோட்டத் தொழிலாளி’ முதலிய இதழ்களை நடாத்தினார்; துண்டுப் பிரசுரங்களையும் வெளியிட்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களிற் பாடல்களைப் பாடித் தொழிலாளரின் உரிமையை எடுத்துரைத்தார். எழுத்தறியாதார்க்கு எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, கேட்டோர் இடைமறித்து வினாத் தொடுக்க, அவ்விடமே ஒரு வகுப்பாகிவிடும். அலுவிகாரையிற் கூடியிருந்து ஓதிய மரபின் சாயலை இங்குக் காண்பது மிகையாகாது. தனியே வாசிப்பவன் ஏமாறும் இடத்திற் கூடியிருந்து கேட்போர் ஒருவர் தவற்றை மற்றவர் பிடித்துக்கொள்வர்.

காகிதம் இம்மக்களை மீண்டும் ஒருமுறை சோதித்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினோர்க்கு, 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்கும் வழியொன்றைக் காட்டியது. தொடர்ந்து வதிந்தமைக்குப் பத்திரச் சான்று வேண்டும். பிறப்பும் இறப்பும் லயன் அறையில் நிகழ, தோட்டப் பதிவேட்டையே நம்பியிருந்த மக்கள் அச்சான்றுக்கு எங்கே போவர்? ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இவ்வாறு மலையகம் காகிதத்தோடு போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே, பிற நாடுகளில் ஊடகத்தை ஆராயும் கல்வி வகுப்பறைக்குள் நுழையத் தொடங்கிவிட்டது. 1937-இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட பிரசார ஆய்வு நிலையம், பெயர்சூட்டி இகழ்தல், கூட்டத்தோடு சேர அழைத்தல் முதலிய ஏழு உத்திகளைப் பிரித்துக் காட்டி, பாடசாலைகளுக்கு அவற்றைக் கண்டுகொள்ளும் பாடங்களை அனுப்பியது. போர் வந்ததும், தன் நாட்டுப் பிரசாரத்தையும் ஆராய வேண்டியிருக்கும் என்ற சங்கடத்தால் அந்நிலையம் 1942-இல் மூடப்பட்டது. வினாக் கேட்கும் கல்வியை எல்லா அரசும் ஓரளவுக்கே விரும்பும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பின்னர், 1982 சனவரி 22-ஆம் நாள் மேற்கு யேர்மனியின் குறூன்வால்ட் என்னுமிடத்தில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டிற் 19 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, ஊடகக் கல்வியை மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கற்பித்தல் வேண்டும் எனப் பிரகடனம் செய்தனர். அதற்கு 24 நாள் கழித்து, பெப்புருவரி 15-ஆம் நாள், யப்பானின் கொடையாக அமைந்த இலங்கை ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. பிரகடனத்தையும் ஒளிபரப்பையும் ஒருங்கு வைத்து எண்ணியோர் இலங்கைக் கல்வி உலகில் அரியர். தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அதனைப் பார்க்கக் கற்பிக்கும் பாடம் உடன் வரவில்லை.

கணினியின் வருகையும் இவ்வாறே அமைந்தது. 2003-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தால் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவரகம் நிறுவப்பட்டது. 2005 முதல் கிராமங்களில் நெணசல என்னும் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுட் பல விகாரைகளிலும் கோயில்களிலும் அமைந்தன. 2009-ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டெனப் பிரகடனமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் இடைநிலைப் பாடசாலைகளுக்கு மகிந்தோதய ஆய்வுகூடங்கள் வந்தன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தனிப்பாடமாகிச் சாதாரண தரப் பரீட்சையிலும் இடம்பெற்றது. இருமை எண் முறை, தருக்கப் படலை, சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம், நிரலாக்கம் என அப்பாடம் விரிந்தது. இவை தேவையானவையே, எனினும் திரையில் வரும் செய்தியின் மூலத்தைத் தேடும் பயிற்சி அவற்றின் ஓரத்திலேயே தங்கிவிட்டது.

தமிழ் மொழிமூல மாணவருக்கு இன்னுமோர் இடர். தமிழ்ப் பாடசாலைகளின் வினாத்தாள்களும் கையேடுகளும் நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாயின. தாளில் அச்சிட்டால் அழகிய தமிழாகத் தோன்றும் அவ்வெழுத்து, கணினிக்குள் ஆங்கில எழுத்துக்களின் கோவையாகவே கிடக்கும்; தேடினால் அகப்படாது, ஒருங்குறிக்கு மாற்றினாலன்றிப் பிறர் கருவியில் வாசிக்கவும் இயலாது. இதனால் ஆசிரியர் அரும்பாடுபட்டு ஆக்கிய பாடங்கள் பல அடுத்த ஊர் ஆசிரியருக்கும் எட்டாமற் போயின. தமிழில் ஒன்றைத் தேடிச் சரிபார்க்க விழையும் மாணவனுக்கு நல்ல தமிழ் மூலங்கள் குறைவாகவும் ஆதாரமற்ற பகிர்வுகள் மிகுதியாகவும் எதிர்ப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கணினி எழுத்தறிவு என்பதற்குத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தன் அளவீடுகளிற் கொடுத்துள்ள வரைவிலக்கணம் குறிக்கத்தக்கது. 5 வயது முதல் 69 வயது வரையுள்ள ஒருவர் தாமாகவே கணினியைப் பயன்படுத்த வல்லராயின் அவர் கணினி எழுத்தறிவுடையவர். ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாட்டொன்றை ஆடினாலும் போதும் என அத்திணைக்களமே எடுத்துக்காட்டும் தருகின்றது. டிஜிட்டல் எழுத்தறிவு பின்னர் அளக்கப்பட்டபோது கைத்தொலைபேசியும் கைக்கணினியும் அவ்வரைவில் சேர்ந்தன. அளவுகோலின் இயல்பு மாறவில்லை. நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் காட்டும் அவ்வளவீடுகளில் பெருந்தோட்டமே கடைசியில் நிற்கின்றது. எண்ணிக்கை எடுப்பதற்கு அவ்வரைவிலக்கணம் பொருந்தலாம். பாடசாலையும் அதனையே தன் இலக்காகக் கொண்டுவிடின், கருவியைத் தொடத் தெரிந்தவன் எல்லாம் கற்றவனாகிவிடுவான். திருக்குறளிற் கல்வி 40-ஆம் அதிகாரம். கேள்வி 42-ஆம் அதிகாரம். அறிவுடைமை 43-ஆம் அதிகாரம். கற்றலுக்கும் அறிவுடைமைக்கும் இடையே கேட்டல் என்னும் படியை வள்ளுவர் தனியே வைத்தமை இங்கு நினையத்தக்கது.

அளவுகோலின் குறை ஏட்டளவில் நில்லாது உயிரளவுக்குச் சென்றதை 2018-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு பெப்புருவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில், உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாகக் கூச்சல் எழுந்தது. சிங்களம் நன்கு விளங்காத தமிழ்பேசும் முஸ்லிம் பணியாளரைக் கூட்டத்தினர் நெருக்க, அவர் அச்சத்தில் ஆமோதித்த காட்சி படமாகிக் கைத்தொலைபேசிகளிற் பரவியது. ஐயத்துக்குரிய பொருள் மாவுத் திரளையே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் மாத்தளைக்கு அயலான கண்டி மாவட்டத்தில், திகனையிலும் தெல்தெனியவிலும், மார்ச்சு முதல் வாரத்தில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. முகநூல், வட்சப் முதலிய வலைத்தளங்களை அரசாங்கம் சில நாட்கள் முடக்கியது. முகநூல் நிறுவனம் தன் தளம் பயன்பட்ட வகைக்கு 2020-இல் வருத்தம் தெரிவித்தது. படத்தைப் பகிர்ந்தோருட் பெரும்பாலோர் மேற்கண்ட வரைவிலக்கணப்படி டிஜிட்டல் எழுத்தறிவு உடையோரே. தமக்கு விளங்காத மொழிக்குத் தலையசைத்த பணியாளரும், தமக்கு விளங்காத துண்டுக்குக் கைந்நாட்டு வைத்த தொழிலாளியும் நூறாண்டு இடைவெளியில் ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர்.

ஈராண்டு கழித்து, 2020 மார்ச்சில், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் கைத்தொலைபேசிக்குள் வந்தது. கல்வியமைச்சின் ஈ-தக்சலாவத் தளமும் ஆசிரியர்களின் வட்சப் குழுக்களும் பயன்பட்டன. ஒரே கைத்தொலைபேசியுள்ள தோட்டத்து வீட்டில் அது தந்தையோடு வேலைக்குச் சென்று மாலையிலே திரும்பும். அப்போதே மூன்று பிள்ளைகளும் அதைச் சூழ்வர். அலைவரிசை எட்டாத இடங்களிற் பிள்ளைகள் மேடுகளையும் பாறைகளையும் நாடி ஏறினர். கருவி இல்லாமை பெருந்துயர். அதனை யாரும் மறுக்கவியலாது. அதே கருவியில், அதே மாலைப் பொழுதில், கணிதப் பாடத்தோடு கலந்து நோய்க்கு மருந்து என்ற பெயரிற் கண்டதும் வந்தன. எது ஆசிரியர் அனுப்பியது, எது அயலார் கைமாற்றி விட்டது எனப் பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்?

சொல்லிக்கொடுக்க உரிய பாடம் இலங்கைப் பாடவிதானத்தில் இல்லாமலும் இல்லை. தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடம் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் உண்டு. செய்தியின் இயல்பு, பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் தொழிற்பாடு, ஊடக ஒழுக்கம் என்பன அதில் அடங்கும். ஆயினும் 2000-களின் பிற்பகுதியில் அமைந்த பாடத் தொகுதி ஒழுங்கின்படி, சாதாரண தரத்தில் ஊடகக் கற்கையும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் ஒரே தொகுதிக்குள் வைக்கப்பட்டன. அத்தொகுதியில் மாணவர் ஒன்றையே தெரிதல் கூடும். கருவியைக் கற்பவன் செய்தியைக் கற்கலாகாது. செய்தியைக் கற்பவன் கருவியைக் கற்கலாகாது. விவசாயம், மனைப்பொருளியல் போன்ற பாடங்களும் அதே தொகுதியில் நின்றமையால், இரண்டில் எதனையும் தொடாதே வெளியேறும் மாணவரும் பலர். சிறிய தோட்டப் பாடசாலையில் தெரிவு என்பதே பெயரளவு: எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கின்றாரோ அப்பாடமே எல்லார்க்கும் விதிக்கப்பட்டது. இவ்வொழுங்கை வகுத்தோர் தீய எண்ணத்தாற் செய்தனர் என்பதற்கில்லை. கால அட்டவணையை நிரப்பும் கணக்கிற் செய்தனர். பயன் ஒன்றே.

எனினும் எல்லா மாணவரும் கட்டாயமாகக் கற்கும் பாடமொன்று உண்டு, அது வரலாறு. 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அப்பாடத்தில் இடம்பெறுகின்றது. வரிகளின் பெயரும், தலைவர்களின் பெயரும், திகதிகளும் பரீட்சைக்காக மனனம் செய்யப்படுகின்றன. ‘ஓர் ஆங்கிலேயன்’ யார் என்றோ, அவன் ஏன் தன் பெயரை மறைத்தான் என்றோ, சிங்களப் பெயர்ப்பு மூலத்துக்கு ஒத்ததா என்றோ, வாட்சனின் கையொப்பம் மெய்யா என எவ்வாறு துணிவது என்றோ வினாத்தாள் கேட்பதில்லை. உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில், ஒரு கணினியும் இல்லாமல், மின்சாரம் நின்ற நாளிலும், ஓர் ஆசிரியர் இவ்வினாக்களைக் கரும்பலகையில் எழுதலாம். அலுவிகாரை பற்றிய இரு குறிப்புகளை, மகாவம்சம் சொல்வதையும் சுற்றுலாப் பலகை சொல்வதையும், பக்கத்தே பக்கத்தே வைத்து எது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பாட்டன் காலத்துத் துண்டோ, பற்றுச்சீட்டோ, குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதியோ இன்னும் தகரப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் வீடுகள் இருக்கக்கூடும். அவற்றைக் கொணரச் செய்து, இதனை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை எழுதாது விட்டார் என்று பிள்ளைகளைக் கொண்டே சொல்லுவிக்கலாம். அடுத்த நாள் அதே மூன்று வினாக்களை, முதல்நாள் இரவு கைத்தொலைபேசியில் வந்த படத்தின்மேல் வைத்தால், பாடத்தொகுதியின் எந்தப் பிரிவிலும் பெயரில்லாத அப்பாடம் அன்றே தொடங்கிவிடும்.